நான் அடைத்த ஒன்பது வெட்டுகள்

போன மாதம் இரண்டு இளம் இஞ்சினியர்மார் ஒரு வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். புதிதாக வாங்கப்போகும் கூலர் ஒன்றின் படம் அது. உள்ளே இருக்கும் தடுப்புத் தகடுகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் விடுவது, ஒவ்வொரு தகட்டிலும் எத்தனை பங்கை வெட்டி எடுப்பது என்று இரண்டு பேருக்கும் வழக்கு. "உங்கடை காலத்திலை இதுக்கு என்ன கணக்குப் போட்டனீங்கள் ஐயா?" என்று ஒருவர் கேட்டார். கணக்கு ஒன்றும் போடவில்லை, பழைய தகட்டைப் புதிய இரும்பின்மேல் வைத்துச் சுற்றிவரக் கோடு கீறினோம் என்றேன். சிரித்தார்கள். போகும்போது தங்கள் சங்க மலருக்கு என் உத்தியோக கால அனுபவம் ஒன்றை எழுதித் தரும்படி கேட்டார்கள். சுவையாக இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள்.

சுவையாக எழுத என்னிடம் சரக்கில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஸ்பானர் பிடித்தவனிடம் சொல்வதற்கு நூறு கதை இருக்கும் என்று ஆட்கள் நினைக்கிறார்கள். எனக்கு நினைப்பில் நிற்பது ஒன்றுதான். அதை மலரில் போடுவார்களோ தெரியாது. போடாவிட்டாலும் எழுதத்தான் போகிறேன்.

நான் சுன்னாகத்துக்குப் பக்கத்துக் கிராமம். அப்பருக்குப் புகையிலைத் தோட்டமும் வெங்காயத் தோட்டமும். ஏழாம் வகுப்புக்கு மேல் படிப்பு எனக்கு ஏறவில்லை. கொழும்பில் ஒரு வேர்க்ஷொப்பில் நாலு வருடம் அரம் பிடித்தேன். அடி வாங்கினேன், தொழில் பழகினேன், ஊருக்குத் திரும்பினேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி அவ்வளவு போதும். ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளின் கடைசியில், யாழ்ப்பாணத்துக் கடல்நீரேரிக் கரையில் இருந்த ஒரு ஐஸ் ஆலையில் பிட்டராகச் சேர்ந்தேன். அந்த ஆலை இப்போது இல்லை, பெயரும் வேண்டாம்.

ஆலையின் உயிர் ஒரு டீசல் என்ஜின். அது நின்றால் ஐஸ் இல்லை; ஐஸ் இல்லாவிட்டால் கரையில் இறங்கும் மீன் அன்றைக்கே நாறும். ஓடுகிற என்ஜின் சூடேறாமல் அதைச் சுற்றித் தண்ணீர் ஓடவேண்டும். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கேத்தலுக்குள் படிகிற அதே சுண்ணாம்பு என்ஜினுக்குள்ளும் படியும். ஆகவே என்ஜினுக்குள் மழைத் தண்ணீரை மட்டும் விட்டுச் சுற்றவைத்து, அந்தத் தண்ணீரைக் கூலர் ஒன்றில் ஆற்றி, திரும்பவும் என்ஜினுக்கு அனுப்பினோம்.

கூலர் என்றால் ஒரு நீளமான இரும்புப் பீப்பாய், படுக்கவைத்தது. அதற்குள் ஒரு கட்டுப் பித்தளைக் குழாய்கள். குழாய்களின் உள்ளே கடல்நீரேரித் தண்ணீர் போகும். குழாய்களைச் சுற்றி, பீப்பாய்க்குள், என்ஜினில் இருந்து வந்த சூடான மழைத் தண்ணீர் போகும். பீப்பாய்க்குள் வேறொன்றும் இல்லாவிட்டால் சூட்டுத் தண்ணீர் நுழைந்த வாசலில் இருந்து வெளியேறும் வாசலுக்கு நேரே போய்விடும். பாதிக் குழாய்களை அது தொடவும் மாட்டாது. அதற்காகத்தான் தடுப்புத் தகடுகள். வட்டத் தகடு, அதில் கால் பங்கு வெட்டி எடுத்திருக்கும். ஒரு தகட்டில் அந்தத் திறப்பு மேலே, அடுத்ததில் கீழே. தண்ணீர் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, எல்லாக் குழாய்களையும் குறுக்கே தழுவிக்கொண்டுதான் போகவேண்டும். குழாய்கள் ஆடாமல் தாங்குவதும் அந்தத் தகடுகள்தான். எங்கள் ஆலையில் அவற்றை நாங்கள் வரம்பு என்று சொல்வோம். பெயர் வைத்தவன் நான்.

எங்களுக்கு மேலதிகாரி திரு. அருமைநாயகம். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, இந்தியாவுக்குப் போய்ப் பொறியியல் கற்று வந்தவர். வெள்ளை டிரில் உடுப்பு. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. எல்லாரையும் 'நீர்' என்றுதான் அழைப்பார். வேலை முடிந்தது என்று சொன்னால் சட்டைப் பையில் இருந்து கைலேஞ்சியை எடுத்து இயந்திரத்தில் ஒரு இடத்தை மெல்லத் துடைப்பார். கைலேஞ்சியில் அழுக்குப் பட்டால் அதை மடித்து எங்களுக்குக் காட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவார். அந்த மௌனத்துக்குப் பயந்து நாங்கள் திரும்பவும் முதலில் இருந்து தொடங்குவோம். அவரைப் போல ஒரு கனவான் யாழ்ப்பாணத்தில் இல்லை என்று அப்போது நினைத்தேன்.

என்னோடு வேலை செய்த மற்ற பிட்டர் சூசை. கொழும்புத்துறைக்காரன், மீன்பிடிக் குடும்பம். அவன் ஆட்கள் எல்லாரும் கடலுக்குப் போக, இவன் ஒருவன்தான் மாதச் சம்பளத்துக்கு வந்தவன். அது அவன் வீட்டில் பெரிய பெருமை. என்னைவிட நாலு வயது மூப்பு, கையும் என்னைவிடச் சுத்தம். நாங்கள் கூட்டாளிகள் என்றுதான் ஆலையில் சொல்வார்கள். ஆனால் ஒவ்வொரு வருடமும் அவன் தன் கோயில் பெருநாளுக்கு வரச்சொல்லிக் கேட்பான், நான் ஒரு வருடமும் போகவில்லை. என் வீட்டுக்கு அவனை நான் கூப்பிட்டதும் இல்லை. அப்படி ஒரு கூட்டாளி நான்.

முப்பதுகளின் நடுவில் கூலரின் தகடுகள் துருவேறி ஓட்டையாகிவிட்டன. புதிதாகச் செய்ய முடிவானது. கூலரே கொழும்பில் இருந்து பழையதாக வாங்கியது, வரைபடம் ஒன்றும் கூட வரவில்லை. ஆகவே பழைய தகடுகளையே மாதிரியாக வைத்து ஒன்பது தகடு வெட்டினோம். ஒவ்வொன்றிலும் குழாய்க்குத் துளையிட வேண்டும். அருமைநாயகம் ஒரு துண்டுக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். துளைக்குள் அதை விட்டால் தன் பாரத்தில் தானே வழுக்கி இறங்கவேண்டும்; ஆனால் விரலால் தட்டினால் கடகடக்கக் கூடாது. இறங்காத துளையை அரத்தால் பெருப்பிக்கலாம். கடகடத்த துளைக்கு மன்னிப்பில்லை, தகட்டையே எறிந்துவிட்டுப் புதிதாக வெட்டவேண்டும். இரண்டு தகடு அப்படிப் போயின. இரண்டும் நான் துளைத்தவை.

பழைய தகடுகளின் விளிம்பில் ஒவ்வொரு சின்ன வெட்டு இருந்தது, சுண்டுவிரல் நுனி போகிற அளவு. திறப்பு மேலே இருந்த தகடுகளில் வெட்டு அடியில். திறப்பு கீழே இருந்தவற்றில் உச்சியில். சூசை அதையும் அப்படியே புதிய தகடுகளில் கீறி வெட்டினான். எனக்கு அது பிடிக்கவில்லை. பீப்பாய் தேய்ந்திருந்ததால் தகட்டுக்கும் பீப்பாய்க்கும் நடுவே ஏற்கெனவே இடைவெளி அதிகம். தண்ணீர் குழாய்களுக்குக் குறுக்கே போகாமல் அந்த ஓரத்தால் களவாகப் போகிறது என்று அருமைநாயகமே சொல்லியிருந்தார். தகட்டின் விளிம்பைச் சுற்றித் தார் தோய்த்த சணல் கட்டுவோம் என்று நான் யோசனை சொன்னேன். அது நல்ல யோசனைதான், இன்றைக்கும் சொல்வேன். அதோடு நின்றிருக்கலாம். அந்த வெட்டுகளையும் ஈயம் உருக்கி ஊற்றி அடைத்தால் என்ன என்று கேட்டேன்.

சூசை கையில் இருந்த அரத்தை வைத்துவிட்டு, "உதை அடைக்காதையும்," என்றான்.

"ஏன்?"

"எங்கடை வள்ளத்துக்குள்ளை விலா எலும்பு மாதிரிக் குறுக்காலை மரம் வைப்பினம் எல்லோ. ஒவ்வொண்டின்ரை அடியிலையும் ஒரு துவாரம் விடுவினம். இல்லாட்டி ரெண்டு மரத்துக்கு நடுவிலை தண்ணி தேங்கி நிண்டிடும், இறைக்கேலாது. உதுவும் அப்பிடித்தான் ஏதோ ஒரு காரியத்துக்கு வெட்டியிருக்கிறான்."

"அடியிலை வெட்டினது தண்ணிக்கு எண்டு வைப்பம். உச்சியிலை வெட்டினது என்னத்துக்கு?"

"தெரியாது. தெரியாததை ஏன் அடைப்பான்?" என்றான்.

நான் தோட்டக்காரன் பெற்ற பிள்ளை. வரம்பில் நண்டு துளைத்த ஓட்டையைக் கண்டால் குனிந்து மண் வைத்து அடைத்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்போம். ஓட்டை வரம்பால் பாத்திக்குத் தண்ணீர் ஏறாது. அது எங்கள் இரத்தத்தில் ஊறிய விஷயம். "கடற்கரை ஆக்களுக்கு வரம்பைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அருமைநாயகம் கைலேஞ்சியால் நெற்றியைத் துடைத்தார், தகட்டை எடுத்து வெட்டை ஒருமுறை பார்த்தார், "அடையும், நாகலிங்கம்," என்றார்.

ஒன்பதையும் அடைத்தேன். கூலரைப் பூட்டி ஓட்டினோம். என்ஜின் தண்ணீரின் சூடு முன்பைவிட ஐந்து பாகை குறைந்தது. அருமைநாயகம் முதன்முறையாக என் தோளில் கை வைத்தார். ஓரத்தால் போன தண்ணீரைத் தான் சணல் கட்டி மறித்த விதத்தைக் கொழும்பில் இருந்த கொம்பனிக்கு எழுதினார். என் பெயரைக் குறிப்பிட்டாரோ தெரியாது. நான் அன்று காற்றில் நடந்தேன்.

உச்சியில் இருந்த வெட்டுகள் காற்றுப் போவதற்கு. இதை எழுதுகிற எனக்கு இப்போது அது வெளிச்சம். சூடேறிய தண்ணீர் தன்னுள் இருக்கும் காற்றைக் கக்கும். அந்தக் காற்று பீப்பாயின் முகட்டில் சேரும். வெட்டு திறந்திருந்தால் அது தகடு தகடாகத் தாண்டிக் கடைசி அறைக்கு வந்து, அங்கே மேலே இருக்கும் காற்றுத் திருகைத் திறக்கும்போது வெளியே போய்விடும். நான் அடைத்தபிறகு ஒவ்வொரு அறையின் முகட்டிலும் காற்று தேங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்தது. மேல்வரிசைக் குழாய்கள் தண்ணீர் படாமல் சும்மா கிடந்தன. திருகு இருந்த கடைசி அறையில் மட்டும் காற்றில்லை. ஆகவே திருகைத் திறந்தால் உடனே தண்ணீர் வரும். உள்ளே காற்றே இல்லை என்று எல்லாரும் நினைப்போம்.

ஏழெட்டு மாதத்தில் சூடு மெல்ல ஏறத் தொடங்கியது. சூசை லொக் புத்தகத்தில் அதை ஒவ்வொரு முறையும் எழுதினான். தெர்மாமீட்டர் பிழையாக இருக்கும் என்று அருமைநாயகம் சொன்னார். ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், கரையில் மீன் குவிந்து, என்ஜின் முழுப் பாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சூசையின் முறை. சூடு குறியைத் தாண்டியதும் சட்டப்படி காற்றுத் திருகைத் திறந்தான், தண்ணீர் வந்தது, புத்தகத்தில் நேரம் போட்டு எழுதினான். தண்ணீர் வந்தால் என்ஜினை நிறுத்தக் கூடாது என்பது மேலிடத்துக் கட்டளை. அவன் நிறுத்தவில்லை. அரை மணித்தியாலத்தில் என்ஜினின் சிலிண்டர் தலை வெடித்துப் பிளந்தது.

கொழும்பில் இருந்து வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் விசாரணைக்கு வருவதாகத் தந்தி வந்தது. விசாரணை முடியும்வரை சூசை ஆலைக்குள் கால் வைக்கக் கூடாது என்று அருமைநாயகம் சொல்லிவிட்டார். மற்ற ஆட்களுக்கு லீவு கொடுத்தார். என்னை மட்டும் நிற்கச் சொல்லி, கூலரைக் கழற்றச் சொன்னார்.

குழாய்க் கட்டைச் சங்கிலியில் வெளியே இழுத்தேன். மேல்வரிசைக் குழாய்கள் தகட்டுக்குத் தகடு காய்ந்து கறுத்திருந்தன. கீழே ஒவ்வொரு அறையிலும் சேறு. ஈயம் நான் ஊற்றியபடியே இருந்தது. அவர் சுற்றிவந்து பார்த்தார். படித்த மனிதர், ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும். எனக்கும் விளங்கிவிட்டது.

"ஈயத்தை எடுத்துவிடும்," என்றார். அவ்வளவுதான். குரல் கொஞ்சமும் மாறவில்லை.

உளியால் ஈயத்தைச் சுரண்டினேன். அரைவட்ட அரத்தால் வெட்டின் உட்பக்கத்தை ராவினேன். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். ராவிய இடம் புது இரும்பாக மின்னியது. அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "புகைக்கரியும் எண்ணெயும் பூசும்," என்றார். பூசினேன். ஒன்பது வெட்டுக்கும் பூசி முடிய, அவர் கைலேஞ்சியை எடுக்கவில்லை. அதை மட்டும் கவனித்தேன்.

எனக்குப் பிள்ளை குட்டி இருந்தது, தங்கச்சிமாருக்குக் கலியாணம் ஆகவில்லை என்றெல்லாம் இங்கே எழுதலாம். எழுதினால் வாசிப்பவர்கள் இரங்குவார்கள். உண்மை அதுவல்ல. எனக்குப் பயம். அந்த மனிதர் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாரோ என்ற பயம். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

விசாரணை அருமைநாயகத்தின் அறையில் நடந்தது; தொழிலாளரில் சூசையையும் என்னையும் மட்டுமே கூப்பிட்டார்கள். வெள்ளைக்காரருக்குத் தமிழ் தெரியாது, சூசைக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் நின்று மொழிபெயர்த்தவர் அருமைநாயகம். காற்றுத் திருகைத் திறக்காமல் விட்டாயா என்று கேட்டார்கள். திறந்தேன், தண்ணீர் வந்தது, புத்தகத்தில் எழுதியிருக்கிறேன் என்றான் சூசை. அப்படியானால் தலை ஏன் வெடித்தது?

சூசை என்னைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "துரை, அந்தத் தகடுகளிலை இருந்த வெட்டுகளை ஈயம் விட்டு அடைச்சுக் கிடக்கு. அதாலைதான் எண்டு நினைக்கிறன். ஆரையும் குறை சொல்லேல்லை. தெரியாமல் செய்தது. ஒருக்கால் இழுத்துப் பாருங்கோ."

அருமைநாயகம் அதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். ஏன் விடப்போகிறார்? எல்லாரும் எழுந்து கூலருக்குப் போனோம். வெள்ளைக்காரர் தரையில் முழங்காலிட்டு ஒவ்வொரு தகடாகப் பார்த்தார், வெட்டுகளுக்குள் பென்சில் நுனியை விட்டுப் பார்த்தார். ஒன்பதும் திறந்திருந்தன. எழும்பி என்னிடம் ஏதோ கேட்டார்.

"கழற்றேக்கை உதுகளுக்குள்ளை ஈயம் இருந்ததோ எண்டு துரை கேக்கிறார்," என்றார் அருமைநாயகம்.

"இல்லை ஐயா," என்றேன்.

சூசை குனிந்து ஒரு வெட்டை விரலால் தடவினான். விரலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபத்தைத் தேடினேன், இருக்கவில்லை. நான் இன்னும் ஏதோ சொல்வேன் என்று காத்துக்கொண்டு நின்றான். அந்த அரை நிமிடத்துக்குள் நான் வாயைத் திறந்திருந்தால் போதும். தெரியாமல் செய்த பிழைக்கு அந்தத் துரை என்னைத் தூக்கிலா போட்டிருப்பார்?

கவலையீனத்துக்காக என்றால் சம்பளம் வெட்டிவிட்டு வைத்திருப்பார்கள். பொய் சொல்லி மேலதிகாரி செய்த வேலையில் குற்றம் சுமத்தினான் என்று எழுதி அவனை வேலையில் இருந்து நீக்கினார்கள். நற்சான்றுக் கடிதம் கொடுக்கவில்லை. அது இல்லாமல் வேறு எந்த வேர்க்ஷொப்பும் அவனை எடுக்கவில்லை.

புதிய தலை பூட்டி, வெட்டுகள் திறந்தபடியே, அந்தக் கூலர் பத்து வருடத்துக்கு மேல் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. நான் தலைமைப் பிட்டரானேன். அருமைநாயகம் ஓய்வு பெற்றபோது தொழிலாளர் சார்பில் வாழ்த்துப் பத்திரம் வாசித்தவன் நான். 'நீதி தவறாத' என்ற சொல் அதில் இருந்தது. நான்தான் எழுதிச் சேர்த்தேன்.

உலகச் சண்டை முடிந்து சில வருடத்தில், ஒரு தை மாதம், அருமைநாயகம் காலமானார். அவர் இருக்கும்வரை என் வாய் பூட்டியே கிடந்தது. செத்தவீட்டில் நிற்கும்போதுதான் சூசையிடம் போகவேண்டும் என்று முடிவு செய்தேன். ஆனால் பிரேதம் எடுத்த சூட்டோடு ஒரு மனிதரின் பெயரைக் கெடுப்பது அழகில்லை, அவர் வீட்டாரின் துக்கம் ஆறட்டும் என்று சில மாதம் பொறுத்தேன்.

ஆனி மாதத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கொழும்புத்துறைக்குப் போனேன். சூசை முற்றத்தில் சாக்கு விரித்து ஆருடையதோ மண்ணெண்ணெய்ப் பம்பு ஒன்றைக் கழற்றி வைத்திருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. "நாகலிங்கமோ? இரும்," என்றான். நான் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உளி, அரம், மண்ணெண்ணெய், புகைக்கரி, ஒன்றும் விடவில்லை.

"தெரியும்," என்றான். "தகடெல்லாம் துரு. வெட்டுக்குள்ளை மட்டும் கரி. விரலிலை ஒட்டினது. அண்டைக்கே விளங்கினது."

"பேந்து ஏன் அங்கை சொல்லேல்லை?"

"முதல் சொன்னதுக்கே பொய்யன் எண்டிட்டினம்."

"நான் பயந்துபோனன், சூசை."

"நானும் பயந்துதான் நிண்டனான்," என்றான்.

பம்பின் வாயை ஒரு கம்பியால் குத்தித் துப்புரவாக்கிக்கொண்டிருந்தான். கொம்பனிக்கு எழுதுகிறேன், ஆருக்குச் சொல்லவேண்டுமோ அவர்களுக்கு வந்து சொல்கிறேன் என்றேன். அவன் கம்பியை நிறுத்தினான்.

"கொம்பனி என்னத்தை நினைச்சா எனக்கென்ன? என்ரை மனிசி நம்பேல்லை. 'நீ சொன்னது மெய்யெண்டா நாகலிங்கம் ஏன் இல்லை எண்டவர், அவர் உன்ரை கூட்டாளியெல்லோ' எண்டு கேப்பாள். வீட்டிலை என்ன சண்டை வந்தாலும் அதிலைதான் வந்து நிப்பாள். பிள்ளையளுக்கு முன்னாலை, பொய் சொல்லி வேலையைத் துலைச்ச மனிசன் எண்டுவாள். பன்ரண்டு வருசம்."

"அவவைக் கூப்பிடும். இப்பவே சொல்லுறன்," என்றேன்.

சூசை பம்பின் திருகுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் வரிசையாக வைத்தான்.

"இந்த மாசியிலை செத்துப்போனாள்," என்றான்.

மாசி மாதம் முழுவதும் நான் என் வீட்டில்தான் இருந்தேன். அருமைநாயகம் வீட்டாரின் துக்கம் ஆறட்டும் என்று பொறுத்துக்கொண்டு.